மேரி, ஜெனி இன்ஜினியரிங் சேரவில்லை

என் செல்ல மேரிக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வேண்டுமானால் கோபித்துக்கொள். உன் பெண் இன்ஜினியரிங் சேரவில்லை. பாலிடெக்னிக்கில் குளிர்பதனப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பிளஸ் டூ முடித்ததால் நேராக இரண்டாம் வருடம். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. வேறு யாரும் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாதென்றுதான் நானே எழுதுகிறேன்.

நீ போன பிறகு பள்ளியில் உன் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். இயற்பியல் புது டீச்சருக்குப் போனது. உயர்கல்வி வழிகாட்டி பீரியட் மட்டும் யாருக்கும் வேண்டாமல் நின்றது. ஹெச்.எம். என்னைப் பார்த்தார். நான் கணக்குப்பதிவியல் நடத்துகிறவள், வெளியே எந்த வேலை வளருது, எந்த வேலை தேயுதுன்னு எனக்கு என்னடீ தெரியும்? ஆனால் உன் பீரியடை வேறு யாரோ எடுப்பதைப் பார்க்க மனசு வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

முதலில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்தார்கள். பெரிய திரை, எல்லாருக்கும் பேனா, பை. எங்களிடம் படித்தால் வேலை நிச்சயம் என்றார் பேசியவர். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எங்க அண்ணனும் பி.இ. தான் சார். இப்ப பைக்ல சாப்பாடு எடுத்துகினு போறான். அவனுக்கு ஏன் சார் கிடைக்கல?" அவர் சிரித்தார். திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். நீயாக இருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்?

அடுத்த வாரம் நான் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்த வேலைகளில் எதைச் செய்யப் பிடிக்கும்? நம் ஜெனி கையைத் தூக்கினாள்.

"ரீஃபர் மெக்கானிக், மிஸ்."

வகுப்பே சிரித்தது. எனக்கும் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினாள். ஆயுத பூஜைக்கு அந்தோணி அண்ணன் மகளை மாதவரத்தில் அவர் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அவர் தன் ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருக்க, இவள் மீனும் மருந்தும் கப்பலேறுகிற ரீஃபர் என்ற குளிர்பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள். அதில் ஒன்று ஓடாமல் நின்றுபோய்விட்டது. "பூஜையெல்லாம் வுட்டுட்டு ஒருத்தர் ஓடிவந்தாரு மிஸ். உள்ள சரக்கு கெடறதுக்குள்ள அவரு கண்டுபிடிச்சாகணும். கண்டுபிடிச்சாரு. மறுபடி ஓடின சத்தம் கேட்டதும் எனக்கே என்னமோ மாதிரி ஆயிடுச்சு." சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் பெரிய சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அண்ணன் என்னைக் காலடிப்பேட்டை வீட்டுக்கு வரச் சொன்னார்.

"இன்னா வசந்தாம்மா, ஸ்பேனர் புடிக்கவா இவளப் படிக்க வெச்சோம்? நான்தான் டீசல் பொகைல கெடக்கறேன். இந்த வூட்ல ஒரு இன்ஜினியர் வரணும்னு மேரி ஆசப்பட்டா. அத்த நான் எப்படி மாத்துவேன்?"

நீ ஆசைப்பட்டது எனக்கும் தெரியுமே. ஸ்டாஃப் ரூமில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

ஜெனிதான் பேசினாள். "அம்மா பேரச் சொல்லி என் வாய அடைக்காதப்பா. அம்மா இருந்தா நான் அம்மாகூடவே சண்ட போட்டிருப்பேன். இல்லாதவங்ககூட எப்படிப்பா சண்ட போடறது?"

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனி அழுதாள், நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டார்: "அந்த வேலைல பொம்பளைங்க யாருனா கீறாங்களா?"

"தெரியாதுண்ணா. விசாரிக்கிறேன்" என்றேன். டிப்ளமா முடித்தாலும் பி.இ. சேர வழி இருக்கிறது, கதவு ஒன்றும் மூடிவிடாது என்பதை மட்டும் சொன்னேன்.

விசாரித்ததில் கல்பனா கிடைத்தாள். நம் பழைய மாணவி ஒருத்தியின் நாத்தனார், எண்ணூர் பக்கம், குளிர்பெட்டி பழுது பார்க்கிறாள். அவளை வகுப்புக்கே கூப்பிட்டேன். அண்ணன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றார். கல்பனா எதையும் பூசி மெழுகவில்லை. ஷிஃப்ட் உண்டு, வெயிலில் இரும்பு கொதிக்கும், ஆரம்பத்தில் கான்ட்ராக்ட்தான், நிரந்தரம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள் என்றாள். ஆனால் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன, வேலை தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம் என்றாள்.

கேள்வி ஏதாவது இருக்கிறதா என்றேன். பிள்ளைகளை முந்திக்கொண்டு கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, அங்க லேடீஸுக்குக் கக்கூஸ் கீதா?"

கல்பனா சிரிக்கவில்லை. "இப்ப கீதுண்ணா. சண்ட போட்டு வாங்கினோம்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். முடிவு எடுத்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஜூனில் முதல் நாள் டோல்கேட் வரை பைக்கில் கொண்டுபோய் விட்டு, அவள் பஸ் ஏறிய பிறகும் அங்கேயே நின்றிருக்கிறார். இப்போது தெருவில் யார் கேட்டாலும், "எம் பொண்ணு கப்பல் பொட்டிக்கு டாக்டருக்குப் படிக்கிறா" என்கிறார்.

ஆனாலும் மேரி, ராத்திரி படுத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன் ஆசைக்கு எதிராகப் பேசிவிட்டேனோ? நீ ஆசைப்பட்டது அந்தப் பட்டத்துக்கா, அவள் யார் தயவும் இல்லாமல் நிற்பதற்கா? நாளைக்கு அந்தப் பெட்டிகளும் தாமே தம்மைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கிவிட்டால் இவள் என்ன செய்வாள்?

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இனிமேல் எந்தப் பிள்ளையிடமும் பேச மாட்டேன். வேலை செய்கிறவர்களைக் கூட்டிவந்து வகுப்பில் நிறுத்துவேன், பிள்ளைகள் கேட்கட்டும். ஜெனிக்கு மட்டும் தனியாக ஒரு வாக்கு. அவள் வேலை மாறினாலும், அந்த வேலையே இல்லாமல் போனாலும், அடுத்ததைத் தேட அவளோடு நானும் கிளம்புவேன். நீ நடந்திருக்க வேண்டிய பக்கத்தில் நான் நடப்பேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
ஜெனியின் சித்தி,
வசந்தா