சீட்டாடக் கூடாது என்று போர்டு எழுதியவருக்கு

அண்ணி,

இன்று காலை நம் லாட்ஜ் ரிசப்ஷன் மேசையின் அடி டிராயரைச் சுத்தம் செய்தேன். திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே பழைய பில் புத்தகங்களை எடுத்துப் போட்டால், அடியில் உங்கள் பாஸ்போர்ட். போட்டோவில், செக் அவுட் நேரம் தாண்டியும் ரூமைக் காலி செய்யாத ஆளைப் பார்ப்பது போலவே பார்க்கிறீர்கள். பக்கங்களைப் புரட்டினேன். எல்லாம் வெறும் பக்கம். செத்து ஒன்றரை வருடம் ஆகியும் உங்களால் என்னை எரிச்சல்படுத்த முடிகிறது.

அந்த எரிச்சலை இன்று முழுசாகச் சொல்லிவிடப் போகிறேன். இருந்தபோது நீங்கள் சொல்ல விட்டதே இல்லை. பாதியில் நிறுத்தி, "செரி செரி, அடுப்புல பால் பொங்குது பாரு" என்பீர்கள். பாலும் பொங்கும்.

கல்யாணமாகி மூன்றாம் நாள். எங்கேயாவது போய் வரலாமா என்று என் வீட்டுக்காரரிடம், அதாவது உங்கள் தம்பியிடம் கேட்டேன். அவர் நேராக உங்களிடம் போய்க் கேட்டார். நீங்கள் லெட்ஜரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஊரே தேனிலவுக்கு ஏற்காட்டுக்கு வருது. ஏற்காட்டுல இருக்கறவங்க எங்க கண்ணு போவீங்க?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். நான்காம் நாள் துணி அலமாரிச் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தீர்கள். பன்னிரண்டு ரூம், இருபத்துநான்கு தலையணை. அன்றிலிருந்து இருபத்தாறு வருடம் மற்றவர்களின் தேனிலவுக்குப் படுக்கை விரித்தேன்.

நாங்கள் எங்குமே போகவில்லை என்று சொன்னால் அது பொய். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று போனோம். பழனிக்கு மூன்று முறை வேனில் போனோம். எல்லா வேனிலும் முன் சீட்டில் நீங்கள் இருந்தீர்கள். எதற்கும் உங்களைக் குறை சொல்ல முடியாதபடி உங்கள் கதை ஒன்று எப்போதும் குறுக்கே நின்றது. அப்பா அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. லாட்ஜையும் தம்பியையும் நீங்கள்தான் தூக்கி நிறுத்தினீர்கள். உங்களைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, அப்படியே ரூம் வாடகையும் வாங்கிக்கொண்டு அனுப்பியதாக ஊரில் சொல்வார்கள். அதனால் உங்கள் தம்பிக்கு முடி வெட்டச் சேலம் இறங்குவதற்கும் அக்கா உத்தரவு வேண்டும்.

மகளைக் கட்டிக் கொடுத்த வருடம்தான் அந்தத் துணி ஏஜென்ட் வந்தார். மாசம் ஒருமுறை நம்மிடம் தங்குகிறவர். சீனாப் பக்கம் மக்காவ் போய் வந்ததாகச் சொல்லி செல்போனில் வீடியோ காட்டினார். ஊர் முழுக்க ஹோட்டல், ஹோட்டல் முழுக்க சூதாட்டக் கூடம். ஒரு ஹோட்டலுக்குள்ளேயே கால்வாய் வெட்டி, கூரையில் வானம் வரைந்து, படகு விட்டிருந்தார்கள். எனக்குச் சூதாட்டம் வேண்டாம். அந்த ஊரில் யாரும் உருப்படியாக ஒரு வேலையும் செய்வதாகத் தெரியவில்லை, அதுதான் பிடித்தது. ஐந்து நாள் அப்படி ஓர் ஊரில், இவரும் நானும் மட்டும், வேறு யாரோ விரித்த படுக்கையில் தூங்கி எழ வேண்டும். முட்டி வலியில் மாடிப்படி ஏற முடியாமல் போவதற்குள் ஒரே ஒரு முறை. அவ்வளவுதான் என் ஆசை.

உங்களிடம் சொன்னதும் மாதங்களைக் கையிலெடுத்தீர்கள். சித்திரை, வைகாசி, ஆனி சீசன். ஆடி ஆகாது. புரட்டாசி விரதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு எப்போது சரியும் என்று தெரியாது. மார்கழியில் புது வருடக் கூட்டம். தை, மாசியில் கல்யாண பார்ட்டிகள். பங்குனியில் சீசனுக்கு வெள்ளையடிக்க வேண்டும். ஆவணியை மறந்துவிட்டீர்கள், அதைப் பிடித்துக்கொண்டேன். சரி, ஆவணியில் திங்கள் முதல் வெள்ளி, சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றீர்கள். ஆவணியில் அங்கேயும் ஆஃப் சீசன்தான் இருக்கும், அந்த ஹோட்டல்காரனிடம் பேசி ரேட்டைப் பாதியாக்கு என்று டிராவல்ஸ்காரரை வேறு படுத்தினீர்கள். சொன்ன ரேட்டைக் கொடுப்பவன் ஏமாளி என்பது நம் தொழிலின் முதல் பாடம். ஆயிரக்கணக்கில் ரூம் உள்ள ஹோட்டலில் யாரிடம் பேசுவதென்று அவர் தலையைச் சொறிந்தார்.

இவ்வளவும் ஆன பிறகு உங்கள் தம்பி பின்வாங்கினார். மாடிப்படிக்குக் கீழே, துவைத்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அக்காளத் தனியா உட்டுட்டு நா வரமாட்டேன். அவங்க எனக்காகவே எங்கியும் போகாம இருந்தவங்க" என்றார். நான் துண்டுகளை முதலிலிருந்து எண்ணினேன். மேலே படியில் நீங்கள் நின்றிருந்தீர்கள். காதில் விழுந்ததா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை இட்லிக்கு உட்கார்ந்தபடியே, "நானும் வரேன் சாமி, எனக்கும் சேத்து எழுதச் சொல்லு" என்றீர்கள் தம்பியிடம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்தீர்களே.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம், மூன்று பேருக்கும். விசாரிக்கப் போலீஸ்காரர் லாட்ஜுக்கு வந்தார். தலைக்கு மேலே நீங்களே பெயிண்டில் எழுதிய போர்டு: அறைகளில் சீட்டாடக் கூடாது, மீறினால் உடனே வெளியேற்றப்படுவர். ரம்மி ஆடிய ஈரோட்டுக்காரர்களைக் கொட்டும் மழையில் பெட்டியோடு வெளியே அனுப்பியவர் நீங்கள். அந்தப் போர்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, எதற்காக வெளிநாடு என்று அவர் கேட்டதும், "சீட்டாடற ஊருக்குப் போறமுங்க" என்றீர்கள். பேனா நின்றது. அவர் போர்டைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு எதிரில் இருக்கும் மிளகாய் பஜ்ஜிக் கடையில் போய் நம்மைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்தார்.

அவர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பஜ்ஜிக் கடை வழியாக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. காய் வாங்கப் போனால், எந்த நம்பரில் பணம் வைக்க வேண்டும் என்று தக்காளிக்காரர் யோசனை சொல்கிறார். ஏன் அண்ணி அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். போலீஸிடம் பொய் சொன்னால் லாட்ஜ் நடத்த முடியுமா என்றீர்கள். நீங்கள் பொய்யே சொல்லாதவர் என்று நானும் நம்பினேன்.

டிக்கெட் போட்டாயிற்று. மூன்று பேர், இரண்டு ரூம். உங்களுக்கு அடுத்த ரூமே வேண்டும் என்று உங்கள் தம்பி பிடிவாதமாக எழுதி வாங்கினார்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் உங்கள் ரூமுக்கு வந்தேன். கட்டிலில் பையைத் திறந்து வைத்து எதையோ மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் வாட்டர் ஹீட்டர் ராடும் பிளாஸ்டிக் மக்கும். அந்த ஹோட்டலில் சுடுதண்ணீர் எத்தனை மணி வரை விடுவான் என்று கேட்டீர்கள். நம் லாட்ஜில் ஆறு முதல் எட்டு. அந்த மக்கைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"இருவத்தாறு வருசமா நாம மூணு பேருந்தானுங்க அண்ணி கல்யாணம் பண்ணிக்கிட்டு இருக்கறோம்" என்றேன்.

நீங்கள் மடிப்பதை நிறுத்தவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் டாக்ஸி வந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டு உங்கள் பையைத் தூக்கினேன். பை லேசாக இருந்தது. நீங்கள் என் கையிலிருந்து அதை வாங்கிப் படியில் வைத்தீர்கள். "நா வரல. ராத்திரி பூரா வயித்தால போச்சு" என்றீர்கள். உள்ளே உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி பதறிப்போய், அப்படியென்றால் யாரும் போகவேண்டாம் என்று டாக்ஸிக் கதவைத் திறந்தார். நீங்கள் அதை வெளியிலிருந்து அடித்துச் சாத்தி, என்னையும் ஏற்றினீர்கள். கட்டிய பணம் திரும்பி வராது, போய்ச் சேருங்கள் என்று அதட்டினீர்கள். பிறகு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தீர்கள்.

"நா வரேன்னு சொல்லலீனா அவன் டிக்கெட்டு போட்டிருப்பானா? போயிட்டு வா கண்ணு."

படியில் இருந்த பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. முந்தின சாயங்காலம் நீங்கள் மடித்தது லாட்ஜ் தலையணை உறைகள். பாஸ்போர்ட் எடுத்தீர்கள், ஊர் சிரிக்க விட்டீர்கள், நான் சொன்ன அந்தச் சொல்லையும் கேட்டுக்கொண்டீர்கள். வாயைத் திறந்து என்னிடம் ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? டாக்ஸி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும் வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அழுகையும் வந்தது. உங்கள் தம்பி எனக்கு வாந்தி வருகிறதென்று நினைத்துப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார்.

மக்காவ் நான் நினைத்தபடிதான் இருந்தது. காலையில் ஒன்பது மணி வரை தூங்கினேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் படுக்கையை நானே விரித்துவிட்டேன். வேலைக்கு வந்த பெண் அதைப் பார்த்து என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். சூதாட்டக் கூடத்தில் உங்கள் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு காசு வைக்கவில்லை. "அக்கா போர்டு கண்ணு முன்னாடி நிக்குது" என்றார். தினம் நான்கு முறை போன் செய்து சுடுதண்ணீர் வருகிறதா என்று கேட்டீர்கள். எந்நேரமும் வருகிறது என்றதை நீங்கள் கடைசி வரை நம்பவில்லை.

கூரைக்கு அடியில் ஓடும் அந்தப் படகில் ஏறினோம். நம் ஏரியில் ஒரு நாளாவது படகில் போயிருக்கிறோமா, சொல்லுங்கள். உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். படகு ஆடுகிறது, அதனால்தான் என்றார். அந்தத் தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இருக்காது.

திரும்பி வந்ததும் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தோம், சனிக்கிழமை எல்லா ரூமும் ஃபுல். அப்புறம் மழை, அப்புறம் புது வருடம், அப்புறம் உங்கள் நெஞ்சு வலி. சேலம் ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். உங்கள் தம்பி மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டீர்கள். இப்போது கேட்டுவிடலாம் என்று குனிந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "மூணாம் நெம்பர் ரூம்ல தலகாணி ஒறை மாத்தோணும் கண்ணு. எண்ணெய்ப் பிசுக்கு" என்றீர்கள். மாற்றுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் உங்கள் மேல் கோபமாக வருகிறது, என் மேல் அதைவிட அதிகமாக.

இனி இன்றைய சங்கதி. உங்கள் தம்பி மறுபடி மலையை விட்டு இறங்குவதில்லை. முன்பு அக்காவைத் தனியாக விட மாட்டேன் என்றவர், இப்போது அக்கா கட்டிக் காத்த லாட்ஜைத் தனியாக விட மாட்டேன் என்கிறார். நாள் முழுவதும் உங்கள் நாற்காலியில், போர்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒன்றரை வருடமாகச் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன்.

காலையில் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் திறந்து வைத்தேன். வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரீல அண்ணி ஒண்ணு சொன்னாங்க. தாம் பாக்காத அந்த ஊர நாம ரெண்டு பேரும் தனக்காக இன்னொருக்கா பாத்துட்டு வரோணும்னு" என்றேன்.

அக்கா எப்போது சொன்னார்கள் என்று கேட்டார். அவர் மருந்து வாங்கப் போனபோது என்றேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றார். சொல்ல மனம் வரவில்லை என்றேன். போலீஸ்காரர் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். உங்கள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, டிராவல்ஸ்காரரைப் பார்க்கக் கிளம்பினார். மதியம் டிக்கெட்டோடு வந்தார். ஆவணி, திங்கள் முதல் வெள்ளி.

உங்கள் பாஸ்போர்ட் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. எதற்கும் உதவாது, ஆனாலும் எடுத்துப் போகிறேன். இப்படிப் பொய் சொல்லிக் கிளப்புவதும் உங்களிடம் படித்ததுதான், பயன்படுத்திக்கொண்டேன். அன்று சாயங்காலம் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள்.

மூன்றாம் நம்பர் ரூமுக்கு உறை மாற்றிவிட்டேன், அண்ணி.