மூன்றாம் எண் குவளை

பிராக்
4 மார்ச் 2002

அன்புள்ள க்வேதா,

பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது, திட்டாதே. குழந்தை மத்தோஷுக்கு நாலு மாதம் முடிந்தும் எடை ஏறவில்லை. பால் கொடுக்கும் வரை ஒரு சொட்டு மதுகூட ஆகாது என்கிறார் மருத்துவர். மாமியாரோ, "கறுப்பு பியர் ஒரு கிளாஸ் குடி, பால் தானா ஊறும். நான் ரெண்டு புள்ளைய வளத்தவ" என்று குவளையும் கையுமாக நிற்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தொட்டிலுக்கும் தராசுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில், பிரசல்ஸ் கண்காட்சிக்கு வட்டாரத்துக்கு ஒரு பியராகத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். பதினாலு வட்டாரம், ஐந்து பேர். பில்சன் பத்தே நிமிடத்தில் முடிந்தது. தென் பொஹீமியாவுக்கு இரண்டு நாள் சண்டை. பிராக்கின் முறை வந்தபோது தலைவர் ஹோடெக், "இந்த ஊர்க்காரன் எல்லாத்தையும் குடிப்பான். காலிக் குவளையே அனுப்பிடலாம்" என்றார்.

உங்கள் விசோச்சினா வட்டாரத்தின் முறை வியாழக்கிழமை. கடைசி இரண்டில் உன் பியர் ஆலையும் இருக்கிறது. குவளையில் முதல் சுற்றில் கொடுத்த எண் மட்டும்தான் இருக்கும். எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சாய்க்க மாட்டேன், அது உனக்குத் தெரியும்.

உன்
வெந்துலா


கமெனிச்கா
6 மார்ச் 2002

என் வெந்துலா,

சாய்க்கச் சொல்லி யார் கேட்டது? ஒழுங்காகக் குடித்துப் பார், போதும்.

ஆலையை விற்பதா வேண்டாமா என்று நகராட்சி மாதக் கடைசியில் முடிவெடுக்கிறது. மேயர் நேரிலேயே வந்தார். "உங்க பியர் பிரசல்ஸுக்குப் போச்சுன்னா ஆலை இருக்கும். இல்லேன்னா என்னை நம்பாதீங்க, வாங்குறதுக்கு ஆள் காத்திருக்கான்" என்றார். வாங்குகிறவனுக்குக் கட்டடம்தான் வேண்டும், பியர் அல்ல. என்னோடு பதினோரு பேர். வடிகட்டும் இடத்தில் இருக்கிற பெத்ர் நேற்று, "அம்மா, உங்க சிநேகிதிதானே நாக்கு வெக்கப் போறது? அப்ப தூங்கலாம்" என்றான். அவனை அதட்டினேன். ஆனால் நானும் நன்றாகத்தான் தூங்கினேன்.

பிள்ளையின் எடையை எழுது.

உன்
க்வேதா


பிராக்
8 மார்ச் 2002

அன்புள்ள க்வேதா,

தபாலில் வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கு இரண்டு. உன்னுடையது இல்லை. ரொம்ப வருத்தமாக இருக்கிறது. மத்தோஷ் ராத்திரி முழுக்க அழுதான், இதற்கு மேல் எழுத முடியவில்லை.

வெந்துலா


கமெனிச்கா
15 மார்ச் 2002

வெந்துலா,

மதிப்பெண் தாள்கள் வந்தன. பெயர் கிடையாது, ஐந்தும் கையெழுத்தில் இருக்கின்றன. ஒன்றில், எங்கள் குவளையைப் பற்றி, "மூன்றாம் எண்: நுரை நன்று, மணம் நன்று. முடிவு வெறுமை. கசப்பு வரவே இல்லை" என்று இருக்கிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அது உன் எழுத்து.

எனக்கு எதிராக ஓட்டுப் போட்டதற்காக இதை எழுதவில்லை. என் பியரைத் தட்டை என்று சொல், இனிப்பு என்று சொல், ஏற்றுக்கொள்வேன். கசப்பு வரவில்லை என்று அதைக் குடித்தவர் யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊர் ஆட்கள் அதற்காகத்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாவது குவளை கேட்கிறார்கள். அந்தக் கசப்பு தொண்டையைத் தாண்டிய பிறகுதான் வரும்.

திராட்சை மதுக்காரர்கள் துப்புவார்கள். நாம் துப்புவதில்லை, ஏன் என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விழுங்கினாயா?

க்வேதா


பிராக்
27 மார்ச் 2002

க்வேதா,

இல்லை.

அன்று காலையில்தான் மத்தோஷை எடை போட்டோம், நூறு கிராம் குறைந்திருந்தது. மருத்துவர் சொன்னதே காதில் நின்றது. ஒவ்வொரு மடக்கையும் வாயில் வைத்திருந்து கைக்குட்டையில் விட்டேன். ஹோடெக் பார்த்துவிட்டு, "என்னம்மா, வாய் கொப்பளிக்கவா வந்தீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து மறுபடியும் ஆய்வுக்கூடத்து வேலைக்குப் போக வேண்டுமே, நாக்கு மழுங்கிவிட்டது என்று பேர் வந்துவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன். மணத்தை வைத்தே ஊகித்துவிடலாம் என்று நினைத்தேன்.

இப்போது அவனுக்குப் புட்டிப்பால்தான். போன வாரம் உன் பியரில் ஒரு பாட்டில் வாங்கி அடுப்படியில் நின்றபடியே குடித்தேன். விழுங்கி, இரண்டு மூச்சு விட்டபின் வந்தது. வெகுநேரம் இருந்தது.

மறுநாளே ஹோடெக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் தாளை நீக்கினால் இரண்டுக்கு இரண்டு, திரும்பச் சுவைக்க வேண்டும் என்றேன். "பட்டியல் அச்சுக்குப் போயாச்சு. ஒரு கைக்குட்டைக்காக நாடு முழுக்கக் கூப்பிட்டு இல்லைன்னு சொல்லவா?" என்றார். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார், அவ்வளவுதான். உங்கள் மேயருக்கு நடந்ததை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கூட்டத்துக்கு முன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

என்னைத் திட்டியாவது எழுது.

வெந்துலா


கமெனிச்கா
9 ஏப்ரல் 2002

மதிப்புக்குரிய வெந்துலா,

உங்கள் கடிதத்தை மேயர் கூட்டத்தில் வாசித்தார். எல்லோரும் கேட்டார்கள். பிறகு கை தூக்கினார்கள். ஒன்பது பேர் விற்க, நாலு பேர் வேண்டாம். ஆலையில் கடைசிப் பியர்க் கொதி சனிக்கிழமை முடிந்தது. பெத்ருக்கு இஹ்லாவாவில் வேலை கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் விழுங்கியிருக்க மாட்டேன். பிள்ளைதான் முதலில், அதில் உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் எதையும் எழுதாமல் வெறுமையாகக் கொடுத்திருப்பேன்.

குழந்தை நன்றாக வளரட்டும்.

க்வேதா மாலினோவா