போட்டு வாறன்

பலெர்மோ,
4 மார்ச் 2024

என் செல்ல மகள் கேசிகாவுக்கு,

போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுதே முடிக்கிறோம். அதனால் எழுதுகிறேன். உன் கலியாணத்துக்குக் கட்டாயம் வருவேன், முருகன் மேல் ஆணை.

நான் பராமரிக்கும் வீட்டுக்கார அம்மா, சிஞோரா மிரெல்லாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் ரிவி நிகழ்ச்சியில் பாட்டு, ஆட்டம், பகிடி எல்லாம் அவ ஒருத்தியே. சனிக்கிழமை என்றால் ஊர் முழுக்க ரிவிக்கு முன்னால் இருக்குமாம். முடிவில் இடது கையால் தொப்பியைத் தூக்கி, "திரும்பி வருவேன்" என்பாவாம். திடீரென்று நிகழ்ச்சியை நிறுத்தியபோது அதைச் சொல்ல விடவில்லையாம். இன்னும் கொதிக்கிறா! என் பெயர் அவவுக்கு நிற்காது. எல்லாரையும் "பெல்லா", அழகி, என்றுதான் கூப்பிடுவா.

நான் சந்தைக்கு வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்பேன். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம் சொல்ல, தன் வசனம் என்று சிரித்தா. இப்போது "ஓம், வா" என்று தமிழிலேயே பதில் சொல்கிறா.

முத்தங்களுடன்,
அம்மா ஞானம்பிகை

*

கோண்டாவில்,
20 மார்ச்

அன்புள்ள அம்மா,

நான் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் இப்படித்தான் ஆணையிட்டீர்கள். வீடியோவில்தான் பார்த்தீர்கள். அந்தக் கிழவிக்குத் தலை வாருகிறீர்கள், எனக்குப் பெரியம்மாதான் வாரிவிட்டா. மாப்பிள்ளை கிருபன் வீட்டார் "தாய் வருவாவோ?" என்று கேட்க, ஓம் என்றுவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள். மண்டபத்தில் உங்களுக்கு ஒரு கதிரை போடுவேன். வேறு ஒருவரையும் இருக்க விடமாட்டேன்.

கோபத்தோடும் ஆசையோடும்,
கேசிகா

*

பலெர்மோ,
19 மே

என் குஞ்சு,

சிஞோரா போய்விட்டா. அவவின் மருமகன் வீட்டைத் துப்புரவாக்கச் சொன்னார். ஜூன் ஆறாம் திகதி ஊருக்கு வர எனக்கு ரிக்கெற்.

ஒன்று நெஞ்சை அரிக்கிறது. செத்த வீட்டிலிருந்து சொல்லாமல்தானே வெளிக்கிட வேண்டும்? நான் விசரி, கதவைப் பூட்டும்போது பழக்கத்தில் "போட்டு வாறன்" என்றுவிட்டேன். உள்ளே ஒருவருமில்லை. "ஓம், வா" என்று கேட்டது. கீழ்வீட்டு மொரிசியஸ்காரி மரி-ஃப்ரான்ஸ் காற்று என்கிறாள். காற்றுக்குத் தமிழ் தெரியுமா, பிள்ளை?

உன் அம்மா

*

பலெர்மோ,
9 ஜூன்

கேசி,

வெளிக்கிட இருந்த காலை, என் சேலையைக் கட்டி, என் பெட்டியையும் பிடித்துக்கொண்டு சிஞோரா வாசலில் நின்றா. "போட்டு வாறன்" என்றா. பழக்கம், பிள்ளை. "ஓம், வா" என்றுவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்குத் திறக்கவில்லை.

பாஸ்போட்டும் போனும் அவவிடம். இதைக் கதவுக்குக் கீழால் மரி-ஃப்ரான்ஸிடம் தள்ளுகிறேன். என் குரலைக் கேட்டு "சரி, சிஞோரா" என்கிறாள். சிஞோராவின் செத்த வீட்டுக்கு வந்தவள் அவள்!

அந்தக் கதிரையில் ஒருவரையும் இருத்தாதே.

அம்மா

*

கோண்டாவில்,
27 ஜூன்

அம்மா,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. கையெழுத்து உங்களுடையது.

ஆனால் நீங்கள் ஏழாம் திகதியே வந்துவிட்டீர்களே! கலியாணத்தன்று நான்தானே கைபிடித்துக் கதிரையில் இருத்தினேன். கைகூடத் தட்டாத நீங்கள் ஆடினீர்கள், பாடினீர்கள், கிருபன் வீட்டாரை வயிறு நோகச் சிரிக்க வைத்தீர்கள். கடைசியில் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினீர்கள். எனக்குத் தலையும் வாரிவிட்டீர்கள். எத்தனை வருஷம் ஏங்கினேன், தெரியுமா? "பெல்லா" என்று கூப்பிட்டதைப் பகிடி என்று நினைத்தேன்.

இப்போது வாசலில் செருப்பைப் போடுகிறா. கடைக்காம். "பெல்லா, போட்டு வாறன்" என்கிறா.

நான் "ஓம், வா" சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் அவ திரும்பி வராமல் போய்விடுவாவா? போனால் நீங்கள் வருவீர்களா? இல்லை, எனக்கு இரண்டு பேருமே இல்லாமல் போய்விடுமா? அவவின் கை நல்ல சூடு, அம்மா.

இன்னும் நிற்கிறா.

கேசிகா