பின்வார் வைத்த செருப்பு

26-1-2025, ஞாயிறு

இன்று வாசலில் நின்றவர்கள்: மகன் முத்துவீரன், மருமகள் யோகேஸ்வரி, பேத்தி இந்து, பக்கத்து வீட்டு சமுத்திரம், யோகேஸ்வரியின் அம்மா சுடலையம்மாள். இந்த ஐந்து பேர் கண் முன்னால்தான் நான் சைக்கிளோடு விழுந்தேன். மறந்துபோகும் என்று பெயர்களை எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. பின்னால் ஒருத்தரும் "நான் அங்க இல்லவே இல்ல" என்று சொல்லக் கூடாது, அதற்காக.

மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மிதித்துப் போய்த் திரும்புகிறவள் நான். வீட்டு வாசலில் வந்தா விழுவேன்? அதுவும் சுடலையம்மாள் ராஜபாளையத்திலிருந்து புதுவீடு பால் காய்ச்சப் பத்திரிகை வைக்க வந்த அன்றைக்கா?

வழுக்கியது செருப்பு. அடிப்பாகம் தேய்ந்து கண்ணாடியாகிப் போன ரப்பர் செருப்பு. ஐந்து பேரும் வழுக்கியது என் வயசு என்கிறார்கள்.

சமுத்திரம்தான் தூக்கிவிட்டார். சும்மா தூக்கினாரா? "யக்கா, நல்ல கனம்" என்றார்.

சுடலையம்மாள், "வயசுக்குத் தக்கன இருக்கணும்லா மதினி" என்றாள். யார் இவள்? யோகேஸ்வரி கல்யாணத்தில் என் ஆட்கள் உட்கார்ந்த பந்திக்கு அப்பளம் தீர்ந்துபோச்சு என்று சொன்னவள். பதினாறு வருஷம் ஆச்சு. அடுத்த பந்தியில் அவள் ஆட்கள் அப்பளம் நொறுக்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

முத்துவீரன், "இன்னொரு தடவ விழுந்தா சைக்கிள பழைய இரும்புக்குப் போட்டுருவேன், ஆமா" என்றான்.

போடுவான். சொன்னதைச் செய்கிற புத்தி என்னிடமிருந்து போனதுதானே. அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் தெரியாமல் இருக்கிற என் தங்கச்சிக்கு யார் போய்த் தலை சீவிவிடுவது? "பஸ்ல போ, நான் கொண்டு விடுதேன்" என்பார்கள். ஒருத்தர் கையை எதிர்பார்த்துப் போகவா அறிவொளி வகுப்பில் எழுத்தோடு சைக்கிளும் படித்தேன்?

நல்ல செருப்பு ஒன்று அமைந்தால் போதும்.

28-1-2025

முத்துவீரன் மில்லிலிருந்து வரும்போது டாக்டர் செருப்பு வாங்கிவந்தான். பழுப்பு நிறம். மெத்தென்று இருக்கிறது. அதுதான் கோளாறு. பெடல் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. பின்னால் பிடிமானமும் கிடையாது, காலைத் தூக்கினால் செருப்பு நாக்கைத் தொங்கப் போடுகிறது.

"எப்பிடிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

நடக்க நன்றாக இருக்கிறது. நடப்பதற்கா கேட்டேன்?

1-2-2025

இந்து தன் பழைய ஷூவைத் தந்தாள். "அப்பத்தா, சாக்ஸ் போட்டுக்கோ, கால் கடிக்காது." சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ. பேட்டை நாய்கள் எல்லாம் எழுந்து நின்று மரியாதை செய்தன.

கால் பெடலில் நன்றாகத்தான் நின்றது. ஆனால் இந்த ஊரில் எந்த வாசலில் ஷூவோடு உள்ளே போக முடியும்? தங்கச்சி வீட்டில் குனிந்து அவிழ்த்து, மாத்திரை வாங்கப் போய் அவிழ்த்து, கோயில் வாசலில் அவிழ்த்து நிமிர்வதற்குள் அய்யர் நடையைச் சாத்திவிட்டார். திரும்பி வரும்போது கயிறு அவிழ்ந்து செயினில் மாட்டியது. ஒரு காலை ஊன்றித் தப்பித்தேன். பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் அது விழுந்த கணக்கில் சேராது.

3-2-2025

யோகேஸ்வரி தன் குதி உயர்ந்த செருப்பை நீட்டுகிறாள். அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஏறச் சொல்கிறவள் என்னை இருக்கச் சொல்கிறாளா, போகச் சொல்கிறாளா?

10-2-2025, திங்கள்

ராஜபாளையத்தில் சுடலையம்மாள் வீட்டில் பால் காய்ச்சினார்கள். மகன் மனசு நோகக் கூடாதே என்று டாக்டர் செருப்பைப் போட்டுப் போனேன். அப்பளம் வைத்தார்கள். இரண்டு. இப்போது வைத்து என்ன?

வாசலில் செருப்பு மலை. பாதிக்கு மேல் அதே பழுப்பு. இந்து "பஸ் வந்துட்டு அப்பத்தா, ஏறு ஏறு" என்று கத்தினாள். கிடைத்ததில் காலை விட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு குதியை ஒரு வார் பிடிக்கிற மாதிரி இருந்தது.

நான் குனிந்து பார்க்கவில்லை.

11-2-2025

ஐயோ, என்ன செருப்பு! பின்னால் வார் வைத்துத் தைத்திருக்கிறது. அடியில் டயர் ரப்பர் ஒட்டியிருக்கிறது. பெடலைக் கவ்விப் பிடிக்கிறது. வாரை விரலால் தள்ளினால் கழன்றுவிடும், வாசல்தோறும் குனிய வேண்டாம். அளவும் எனக்கென்றே எடுத்த மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். போகிற வழியில் சமுத்திரத்தின் மொபெட்டை முந்தினேன். "யக்கா, பைய்ய!" என்றார். கனம் அல்லவா, வேகம் அப்படித்தான் இருக்கும்.

யாருடையதோ. கேட்டு வந்தால் கொடுத்துவிடுவேன்.

14-2-2025

கேட்டு வந்துவிட்டது. யோகேஸ்வரி போனில் பேசி முடித்துச் சொல்கிறாள்: "பால் காய்ச்சின அன்னைக்கு அம்மா செருப்ப எவளோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாளாம். மூட்டு வலிக்காரி வழுக்கிறக் கூடாதுன்னு வார் தைச்சு, டயர் ஒட்டி வச்சிருந்தாவளாம்."

எத்தனையோ பேர் வந்த வீட்டில், அவள் செருப்பா?

கொடுத்தால் நான் விழுவேன். விழுந்தால் சைக்கிள் இரும்புக் கடைக்குப் போகும். கொடுக்காவிட்டால்? பந்திக்கு அப்பளம் தராதவளுக்குச் செருப்பு திருப்பித் தர வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆனாலும் அந்த மூட்டு... சீ, அவளுக்கு மூட்டு வலித்தால் எனக்கென்ன.

முத்துவீரனுக்கு ஒரே பெருமை. நான் மிதிப்பதைப் பார்த்துவிட்டு, "நான் வாங்கிக் குடுத்த செருப்புல்லா, நிக்கும்" என்கிறான். இவனுக்கு வாரும் தெரியவில்லை, டயரும் தெரியவில்லை. பெற்றவள் காலை எந்த மகன் பார்த்தான்?

19-2-2025

விழவில்லை. தூக்கமும் இல்லை.

23-2-2025, ஞாயிறு

சுடலையம்மாள் வந்தாள். சொல்லாமல் வந்தாள். படியில் என் டாக்டர் செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் அவளுடையது கிடந்தது. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்த மனுசி இப்ப வாயத் தொறந்தா சைக்கிளும் போச்சு, மானமும் போச்சு.

முத்துவீரன் வேறு, "பாத்தியளா அத்தை, நான் எடுத்துக் குடுத்தது. அம்மா பொறவு விழவே இல்ல" என்று அந்தச் செருப்பையே காட்டுகிறான்.

அவள் குனிந்து, வாரைத் தடவிப் பார்த்தாள். "நல்ல செருப்பு மாப்ள. பாத்துத்தான் வாங்கியிருக்கீய" என்றாள். காபி குடித்தாள். "மதினி சைக்கிள மட்டும் வித்துராதீய. நம்ம பக்கத்துல இப்பிடி ஒரு பொம்பள இருக்கது நமக்குல்லா பெருமை" என்றாள். யோகேஸ்வரி வாயைப் பிளந்தாள். முத்துவீரன் சரி என்று தலையாட்டினான். இனி அவன் விற்க மாட்டான், மாமியார் சொல்லிவிட்டாள்.

புறப்படும்போது அந்த மெத்துச் செருப்பையே மாட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். நான் கூடப் போனேன். காதோடு சொன்னாள்: "வாரு பிஞ்சா சொல்லுங்க மதினி. தைச்சவன் நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்."

நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். சைக்கிள் இருக்கிறது, கால் நிற்கிறது. கனம் என்று சொன்ன சமுத்திரத்தை மன்னித்தேன். இரும்புக்குப் போடுவேன் என்றவனையும், குதிச் செருப்பு நீட்டியவளையும், ஷூ போட்டு நாய்க்குக் காட்டிய இந்துவையும் மன்னித்தேன். அப்பளத்தைக்கூட விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஆனால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு நொண்டி நொண்டிப் போனாளே, சுடலையம்மாள். அவளை மட்டும் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.