செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர்

ஞாயிறு இரவு

எல்லோரும் தூங்கும் இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவது தப்புதான்.

நான் வேலை பார்க்கும் பயணிகள் கப்பலை இன்று ஊழியர்களின் வீட்டார் சுற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து அப்பா வந்தார். மீன்பிடிப் படகில் ஏறுவதுபோலவே செருப்பைக் கரையில் விட்டுவிட்டு ஏறினார். மேல்தளத்தைப் பார்த்தபின், ஓர் அறையில் வெள்ளை விரிப்பைத் தடவிப் பார்த்தார்.

"யார்றா நீ? வெறுங்காலோட திருட வந்தியா?" உள்ளே வந்த எங்கள் மேற்பார்வையாளர் அறைந்ததில் அப்பாவின் உதடு கிழிந்தது. விரிப்பில் ரத்தம்.

கப்பலைச் சுற்றிக் காட்ட எடுத்து வந்திருந்த டார்ச்சால் மேற்பார்வையாளரின் மூக்கை உடைத்தேன். மறுபடியும் ஓங்கினேன். அப்பாதான் தடுத்தார்.

"விடும்மா, வேல போயிடும். காலையில நான் வந்து அவர் கால்ல விழுந்துடறேன்."

அப்பா, அவர் கால்ல விழப் போகாதீங்க.