கடைசிச் சரணத்தில் போட்ட பொன்னாடை

என் செல்ல டெய்சி அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. மார்கழியில் போய்ச் சேர்ந்தவளிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் எப்படி இருக்கிறேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன். நான் நன்றாக இல்லை அக்கா. ஆரி ஊசியைத் துணியில் குத்தினால் அடுத்த குத்து எங்கே என்று மறந்துபோகிறது. முந்தாநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் மயிலுக்கு இரண்டு கொண்டை வைத்துவிட்டேன்.

இங்கே ஆடி பிறந்துவிட்டது. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். பிள்ளையார்பாளையம் அம்மன் கோயிலில் போன வாரம் உங்கள் ஆர்கெஸ்ட்ராவேதான். நீ நிற்கும் இடத்தில் ஒரு சின்னப் பெண் நின்றாள். ஸ்வேதாவாம், ஏனாத்தூரில் படிக்கிறாளாம். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். வழவழவென்று இருக்கிறது. உன் குரலில் கிடந்த அந்த மணல் மட்டும் இல்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மணலுக்காகத்தானே உன்னைப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட என்னையும் வரிசையில் நிறுத்தினார்கள். முதல் வரியிலேயே டீச்சர், "யாருடி அது ஆம்பளைக் குரல்?" என்று கேட்டுவிட்டார். வரிசையே சிரித்தது. அதோடு பாட்டுக்கு வாய் திறப்பதை விட்டவள் நான்.

பிறகு ஓர் ஆடியில் உன்னைப் பார்த்தேன். உங்கள் குழுவில் பாடும் அண்ணனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அதுவரை டூயட்டில் பாதி வரி பாடிவிட்டு ஓரமாகப் போய் நின்ற நீ, அவர் மைக்கை எடுத்து அவர் பாட்டைப் பாடினாய். அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினாய் பார், தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தெருவுக்கு எழுந்து வந்தார்கள். என்னைப் போல ஒருத்தி மேடையில் நிற்கிறாள், ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது! எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குப் பதிலாக விசில் அடித்துவிட்டேன்.

கறுப்பு புர்க்காவுக்குள்ளிருந்து விசில் வந்ததும் நீ மேடையிலேயே சிரித்தாய். கச்சேரி முடிந்ததும் ஆள்விட்டுக் கூப்பிட்டாய். நான் நீங்க, உங்க என்று இழுத்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி மரியாதை? விசில் அடிக்கும்போது எங்க போச்சு? நீன்னே கூப்பிடு" என்றாய். அன்றிலிருந்து உன்னை நான் நீ என்றுதான் கூப்பிடுகிறேன். இன்றைக்கும் அதை மாற்ற மனசில்லை.

உன் கதை முழுவதும் எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவள் நான். சர்ச் பாடகர் குழுவில் உன் குரல் மற்ற குரல்களை எல்லாம் அமுக்குகிறது என்று கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். யாரோ கொண்டுவந்து கொடுத்த கேசட்டில் வெளிநாட்டுப் பெண்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவதைக் கேட்டு, நாமும் இப்படிப் பாடலாம் போலிருக்கிறதே என்று உனக்குத் தோன்றியது. இது சோல் பாட்டு, இது ராக் பாட்டு என்று எனக்கு எத்தனையோ முறை விளக்கினாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் பெயர் டெய்சி.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கூப்பிட்டார்களே, போன வேகத்தில் திரும்பி வந்தாயே. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "குரல்ல கொஞ்சம் தேன் வேணுமாம். தேன் வேணும்னா நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாய். உன் ரசிகர் கூட்டம் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். உன் குரலை யாரும் முறையாகப் பதிவு செய்யப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆனால் உன் சொந்தப் பாட்டு ஒன்று இருந்ததே, அது எங்களுக்குப் போதும் என்று இருந்தோம். 'காஞ்சிபுரம் கடைசி பஸ்.' கச்சேரி எல்லாம் முடிந்து பேருந்து நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டுக்காரி. முதல் சரணத்தில் வராத பஸ்ஸைத் திட்டுவாள். இரண்டாவது சரணத்தில் வீங்கின காலைத் திட்டுவாள். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் நீ கையைத் தூக்குவாய். "கேளுங்கப்பா... இதைக் கேளுங்கப்பா" என்பாய்.

அவ்வளவுதான், எங்களுக்கு அதுதான் சைகை. நெசவுக்காரப் பாஸ்கர் பொன்னாடையோடு மேடை ஏறுவான். பாவில் மிச்சமான பட்டு நூலில் அவனே நெய்த பொன்னாடை, ஒவ்வொரு வருஷமும் ஒரு நிறம். நீ பாடிக்கொண்டே இருப்பாய், அவன் போர்த்திக்கொண்டே இருப்பான். நான் ஒரு கையில் போன், இன்னொரு கை விரலை வாயில் வைத்து விசில். பின்னால் சரவெடி. 'கேளுங்கப்பா' என்று பேனர் அடித்தோம், பனியன் அடித்தோம். உன் கண்ணீர் அஞ்சலி பேனரிலும் பெரிய எழுத்தில் அதையே போட்டோம். ஊரில் வேறு எந்தப் பாடகிக்கு இப்படி ஒரு கூட்டம் இருந்தது?

இப்போது ஷைனி வந்ததைச் சொல்கிறேன்.

உன் மகள் ஷைனியை நாங்கள் அடக்கத்தன்றுதான் முதல் முறையாகப் பார்த்தோம். வேலூரில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள், இப்போது பெங்களூரில் நர்ஸ் என்பதெல்லாம் நீ சொல்லித் தெரியும். சித்திரையில் திரும்பி வந்தாள். பாஸ்கர் வீட்டுக்கு என்னையும் வரச்சொன்னார்கள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அம்மா வீட்டுக்கு வந்தா பாடவே மாட்டாங்க ஆன்ட்டி. தொண்டையை மிச்சம் பிடிக்கணும்பாங்க. கச்சேரிக்கு பெரியம்மா என்னை விட்டதே இல்ல. போன வருஷம் போன்ல சண்டை போட்டேன், உனக்கு நான் எப்பவாச்சும் ஞாபகம் வந்திருக்கேனான்னு. அதுக்கு அம்மா சொன்னாங்க, என் பஸ் பாட்டுல மூணாவது சரணம் பூரா நீதாண்டி, ஒரு நாள் வந்து கேளுன்னு. நான் போகல. அது மட்டும் எனக்குக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எனக்கு அப்படி ஒரு பூரிப்பு அக்கா. இதற்குத்தானே இத்தனை வருஷம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்! பாஸ்கர் தன் போனை எடுத்தான், நான் என்னுடையதை எடுத்தேன். தறி ஓரத்தில் பாயை விரித்து அவளை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினோம்.

முதல் வீடியோவில் பஸ்ஸைத் திட்டினாய், காலைத் திட்டினாய், எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஷைனி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ கையைத் தூக்கினாய். அப்புறம் என் விசில்தான். போனுக்குப் பக்கத்தில் என் வாய் அல்லவா? விசில் ஓய்ந்தால் வெடி. வெடி ஓய்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது, நீ கும்பிட்டுக்கொண்டிருந்தாய்.

சரி, அடுத்தது பார் என்றோம். அதிலும் விசில். அதற்கடுத்ததில் பாஸ்கரின் முதுகு உன்னை மறைத்துக்கொண்டு பொன்னாடை போர்த்தியது. இன்னொன்றில் கூட்டம் மொத்தமும் 'கேளுங்கப்பா, கேளுங்கப்பா' என்று கத்திக்கொண்டிருந்தது. உன் உதடு அசைகிறது அக்கா, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாய். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

ஷைனி கோபப்படவில்லை. அந்தக் கடைசி வீடியோவை நிறுத்திவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள். "ஆன்ட்டி, அம்மா கேளுங்கன்னுதானே சொல்றாங்க?"

பாஸ்கர் எழுந்து வெளியே போய்விட்டான். எனக்குப் போக இடமில்லை, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம்மா, கேளுங்கன்னுதான் சொல்றாங்க என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நீ ஊர் ஊராக நின்று கெஞ்சியிருக்கிறாய். அதை நாங்கள் பனியனில் அச்சடித்து மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

எப்படியும் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் அவளை பஸ் ஏற்றினேன். அப்புறம் பாஸ்கரும் நானும் அலையாத இடமில்லை. மைக் செட்காரரிடம் போனோம். மெமரி கார்டில் பதிவாகும், அடுத்த கச்சேரிக்கு அதை அழித்துவிட்டுத்தான் போவோம் என்றார். கீபோர்டு தாமஸ் அண்ணனிடம் போனோம். அத்தனை மேடையில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாதா?

"மூணாவது சரணம் வந்தா உங்க கூச்சல்ல எனக்கு என் கீபோர்டே கேக்காதும்மா. டெய்சி வாய் அசையறதைப் பாத்துக்கினு அடுத்த சுரத்துக்குப் போவேன். வார்த்தையை எங்க கேட்டேன்?"

"ரிகர்சல்ல கேட்டிருப்பீங்களே அண்ணே?"

"ரிகர்சல்ல அது எப்போ வாயைத் தொறந்து பாடிச்சு? ராகத்தை முனகிட்டு வுட்டுடும். ஒரு வரி எழுதி வச்சதும் இல்ல. எல்லாம் தலைக்குள்ளதான் இருந்துச்சு."

பாஸ்கருக்குத்தான் அந்த யோசனை வந்தது. நாங்கள் யாரும் போகாத கச்சேரி ஏதாவது இருக்கிறதா? எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லாத இடத்தில் நீ பாடியிருந்தால் அங்கே உன் குரல் இருக்கும். யோசித்துப் பார் அக்கா, உன்னைத் தேட நாங்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போக வேண்டியிருந்தது.

திருப்புட்குழியில் அவனுடைய தூரத்துச் சொந்தம் ஒன்று, ஒரு கல்யாண வரவேற்பு. வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ ஓரமாகப் பாடினாயாம். பஸ் பாட்டும் பாடினாயாம். யாரும் விசில் அடிக்கவில்லையாம். வீடியோ இருக்கிறது வாங்க என்றார்கள். பாஸ்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அல்லாவிடம் துஆ கேட்டுக்கொண்டே போனேன்.

டிவியில் போட்டார்கள். நீ நீலப் புடவையில் நின்றாய். கூட்டம் அமைதியாகச் சாப்பிடுகிறது. நீ கையைத் தூக்கவில்லை, தூக்க அவசியமில்லை. வாயைத் திறந்தாய். உன் வாயிலிருந்து வேறொரு பெண்ணின் குரல் வந்தது, தேன் வழிகிற சினிமாக் குரல். வீடியோக்காரன் கச்சேரிச் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டியிருக்கிறான். எல்லாக் கல்யாண வீடியோவிலும் செய்வதுதானே? அவன் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அந்த டிவியை உடைக்க வேண்டும்போல் இருந்தது. கல்யாணப் பெண்ணிடம் கேட்டேன். நல்லா பாடினாங்கக்கா, நான் போட்டோவுக்கு நின்னுக்கினு இருந்தேன், கவனிக்கல என்றாள்.

திரும்பி வரும்போது வழியில் டீக்கடையில் நிறுத்தினான் பாஸ்கர். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"ஷாஹினா, நாமளே நாலு வரி கட்டிக் குடுத்துட்டா இன்னா? மெட்டு நமக்குத் தெரியும். அம்மா இதான் பாடினாங்கன்னு சொல்லிடலாம். பொண்ணு மனசு ஆறிடும்."

அவனைத் திட்டினேன். திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நானே கட்டிப் பார்த்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? சுலபமாக வந்தது அக்கா. கண்ணே வந்தது, மணியே வந்தது, தாயின் மடி வந்தது. நீ பஸ்ஸைத் திட்டினவள், காலைத் திட்டினவள். பெற்ற பெண்ணை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாய்? அவளையும் திட்டினாயா? மன்னிப்புக் கேட்டாயா? என் வரிகளை வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். அதில் நீ ஒரு இடத்திலும் இல்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஷைனிக்குப் போன் போட்டேன். கிடைக்கலம்மா, இனிமே கிடைக்கும்னும் தோணல என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"பாட்டா வேணாம் ஆன்ட்டி. அர்த்தமாச்சும் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். அம்மா என்னைப் பத்தி இன்னா சொன்னாங்க?"

தெரியாதும்மா என்றேன்.

"நீங்கல்லாம் அவ்ளோ பக்கத்துல நின்னீங்களே ஆன்ட்டி" என்றாள். பிறகு டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் போட்ட போனை அவள் எடுக்கவில்லை.

நீயாவது எங்களை ஒரு தரம் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கக் கூடாதா? மைக்கைப் போட்டு உடைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கக் கூடாதா? ஏன் ஒவ்வொரு முறையும் அந்தப் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் சத்தத்துக்கு அடியில் உன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாய்? எங்களைத் தாண்டி அது எப்படியாவது வேலூருக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தாயா?

ஸ்வேதா நேற்று வந்தாள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு உன் பஸ் பாட்டைப் பாட வேண்டுமாம், ஊரில் எல்லோரும் கேட்கிறார்களாம், சொல்லித்தரச் சொன்னாள். சொல்லிக்கொடுக்கத்தான் போகிறேன். இந்தக் கட்டைக் குரலில்தான், வேறு வழி?

உனக்கு என்னால் தர முடிந்த வாக்கு ஒன்றுதான் அக்கா, அதுவும் சின்னது. இரண்டு சரணம்தான் சொல்லிக்கொடுப்பேன். மூன்றாவதாக என் வரியோ, பாஸ்கர் வரியோ, கெட்டிக்காரக் கவிஞன் எவனுடைய வரியோ அங்கே வந்து உட்கார நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன். உன் மகளுக்கு நீ வைத்த இடத்தில் எவரும் உட்காரக் கூடாது. இரண்டாவது சரணத்தோடு ஸ்வேதா நிறுத்துவாள், தாமஸ் அண்ணன் கையை எடுப்பார். ஏன் பாதியில் நிறுத்திட்டீங்க என்று கூட்டம் கேட்கும். நான் மேடையேறி மைக்கை வாங்கி, மிச்சம் எங்களுக்குத் தெரியாது, டெய்சி அக்கா அதைப் பாடும்போதெல்லாம் நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னோடு பிறக்காத தங்கச்சி,
ஷாஹினா