கடைசி ஆள் வந்து சேரும்வரை

ஜூலை 20, சனி

ஒன்றை ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். நேற்று சாயங்காலம் டிவியில் ஒலிம்பிக் தொடக்க அணிவகுப்பு. ஏதோ ஒரு குட்டி நாடு வந்தது. மொத்தமே மூன்று பேர். கொடி பிடிக்க ஒருத்தி, கை ஆட்ட இரண்டு பேர். பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து நின்று நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். ஜன்னல் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் தன்னைத்தான் என்று நினைத்து, கிளிப்பை வாயில் கவ்வியபடியே பதிலுக்குக் கை ஆட்டினாள். ஆறு வருஷமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள். இன்று காலை படியில் பார்த்துச் சிரிக்கிறாள். இனி நானும் தினம் சிரித்தாகவேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா?

இந்த டைரி ஓட்டலில் கொடுத்தது. போன வருஷத்தது. கிழமையை மட்டும் அடித்து எழுதிக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இது தாராளம்.

ஜூலை 21, ஞாயிறு

இன்றும் வாசலைப் பெருக்கும்போது அந்தச் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்தேன். நாலு வருஷமாக இதே வேலை.

செருப்பு அண்ணனுடையது. போன ஒலிம்பிக்கின்போது என்மேல் கோபித்துக்கொண்டு எழுந்தவன், அவசரத்தில் இவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் வரவே இல்லை. இவர், என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறார். எத்தனை வண்டி வந்தாலும் ஹார்ன் அடிக்காத மனுஷன். செருப்பு விஷயத்தில் மட்டும் விடமாட்டார். அதே கடையில் அதே மாதிரிதான் திரும்பத் திரும்ப வாங்குகிறார், இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை பேச்சு எழும்.

"மச்சான் வராட்டி பரவால்ல. செருப்பையாவது அனுப்பி வைக்கச் சொல்லு."

"நீங்களே கேளுங்களேன்."

"நான் ஏன் கேக்கணும்? வாய விட்டது நீ."

ஆமாம். வாயை விட்டது நான்தான்.

ஜூலை 23, செவ்வாய்

ஓட்டலில் எனக்குச் சலவைப் பிரிவில் வேலை. சூடான உருளைக்குள் போய் வெளியே வருகிற படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிக்கவேண்டும். எதிர்முனையில் நெட்டை. என்னைவிட ஒன்றரை அடி உயரம், இருபது வயது சின்னவள். அவள் பிடித்தால் விரிப்பு சறுக்குமரம் மாதிரி சரிந்து என் தலையில் வந்து நிற்கும்.

இன்று நூறு விரிப்புக்குப் போட்டி வைத்தேன். நானே வர்ணனை. "இதோ நெட்டை முனையைப் பிடிக்கிறார்... குட்டை விடவில்லை... மடிப்பு ஒன்று, மடிப்பு இரண்டு... ஐயோ, கோணல்! நடுவர் கொடி தூக்கிவிட்டார்!" மேற்பார்வையாளர் உள்ளே வந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் சிரிக்காமல் நின்று பார்த்துவிட்டு, "தங்கப் பதக்கம் இல்ல. பத்தாவது மாடிக்கு இன்னும் எழுபது விரிப்பு இருக்கு" என்றார்.

சாப்பிடும்போது நெட்டை கேட்டாள். "அக்கா, வாய் உங்களுக்கு இவ்ளோ இருக்கு. அண்ணனுக்கு ஒரு போன் போட மட்டும் வரலியா?"

சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஜூலை 24, புதன்

எங்கள் வீட்டுச் சட்டம் எப்படி வந்தது என்று எழுதிவைக்கிறேன். நாளைக்கு எனக்கே மறந்துபோகும்.

எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. எங்கள் வரிசையில் டிவி இருந்தது தையல்காரம்மா வீட்டில் மட்டும். உள்ளே பெரியவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்கு மிச்சம் ஒரு ஜன்னல். அதுவும் உயரத்தில். அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொள்வான். எனக்குப் படம் தெரியும், அவனுக்குச் சுவர் தெரியும். நான் பார்த்துச் சொல்லவேண்டும், அவன் கேட்டுக்கொள்வான். அதுதான் ஒப்பந்தம்.

"ஓடற பாதை என்ன கலர்?" என்று கேட்பான். கறுப்பு வெள்ளை டிவியில் கலரை எங்கே போய்த் தேடுவது? "பச்சை" என்று சொல்லிவிட்டேன். பிற்பாடு நாங்களே ஒரு கலர் டிவி வாங்கியபோதுதான் அது செங்கல் நிறம் என்று தெரிந்தது. அன்று அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

ஓட்டம் முடிந்ததும், "இறங்கு, தோள் போச்சு" என்பான். "கடைசி ஆள் இன்னும் வரல, இரு" என்பேன். இறங்க மனசில்லாமல் நான் கண்டுபிடித்த சாக்கு அது. அதுவே பின்னால் சட்டமாகிவிட்டது. கடைசி ஆள் கோட்டைத் தொடும்வரை எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. கேமரா ஜெயித்தவன் பின்னாலேயே போகும். நாங்கள் படத்தின் ஓரத்தில் கடைசி ஆளைத் தேடிக்கொண்டிருப்போம்.

அம்மாவுக்குப் பளு தூக்குவதுதான் பிடிக்கும். தூக்குகிறவன் மூச்சை அடக்கினால் அம்மாவும் அடக்குவாள். அவன் தூக்கிப் போட்டதும் "அப்பாடா" என்று அம்மா நாற்காலியில் சாய்வாள், என்னமோ தானே தூக்கின மாதிரி. அம்மா போய்ப் பதினோரு வருஷம். இன்று ஒருத்தன் தூக்கினான். நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

ஜூலை 25, வியாழன்

நீச்சல். தண்ணீரில் இறங்கிவிட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். மஞ்சள் தொப்பிக்குக் கைதட்டினேன். இரண்டு பேர் மஞ்சள் தொப்பி.

ஜூலை 26, வெள்ளி

சரி, அதையும் எழுதிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே அறை, இதே டிவி. பெண்கள் ஓட்டம். கடைசியாக வந்த பெண் நொண்டிக்கொண்டே வந்தாள். நாலு அடி ஓடுவாள், நிற்பாள், தொடையைப் பிடித்துக்கொள்வாள். அண்ணன் திடீரென்று எழுந்து போய் டிவியை அணைத்தான். "போதும். பாத்துக்கிட்டு இருக்க முடியல."

சட்டம் போட்டவளுக்குச் சும்மா இருக்க முடியுமா? சிரித்துக்கொண்டே கேட்டேன். "கடையப் பாதியில மூடிட்டு வர்ற மாதிரி ஓட்டத்தையும் மூடிட்டியா அண்ணே?"

அவனுக்கு அப்போது பழரசக் கடை. போட்டி பார்க்கிற நாளில் மதியமே இழுத்து மூடிவிட்டு வருவான். அதைத்தான் கிண்டல் பண்ணினேன். அன்று காலையில் கடையை ஒரேயடியாக மூடி, சாவியையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கமாட்டேனா?

அண்ணன் செருப்பை மாட்டினான், போனான். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடையில் வேறு போர்டு தொங்கியது. அப்போதே நேராக அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று... நாலு வருஷம்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிறானாம். நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஜூலை 27, சனி

போன் போட்டேன். இரண்டு முறை மணி அடித்தது. வைத்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

அவனும் திரும்பக் கூப்பிடவில்லை. இவர் வாசலில் செருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு டூட்டிக்குப் போனார். யாருக்கு யார் கவலை!

ஜூலை 30, செவ்வாய்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக வரும், வரட்டும்.

சாயங்காலம் பெண்கள் ஓட்டம். இருபத்தைந்து சுற்று. வரிசையில் வந்து நின்றார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டுவிட்டேன். இந்த முறை வைக்கவில்லை.

"யாரு?"

"நாந்தான்."

பின்னால் ஏதோ கார் ஹார்ன்.

"அண்ணே, அங்க டிவி இருக்கா?"

"பார்க்கிங்ல ஏது டிவி?"

"அப்ப கேளு. பெண்கள் ஓட்டம், இருபத்தஞ்சு சுத்து. துப்பாக்கியத் தூக்கிட்டாங்க... சுட்டாச்சு. எல்லாரும் ஒரே கும்பலா ஓடறாங்க. சிவப்புச் சட்டைக்காரி முன்னால வர்றா..."

வைத்துவிடுவான் என்று பயந்துகொண்டே சொல்லிக்கொண்டு போனேன். வைக்கவில்லை. நடுநடுவே "உள்ள போங்க சார், இடது பக்கம்" என்று யாரிடமோ சொன்னான். எட்டாவது சுற்றில்தான் வாயைத் திறந்தான்.

"இன்னும் என் தோள்ல ஏறித்தான் பாப்பியா?"

வர்ணனையை விட்டுவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினேன். ஒரு சுற்று அப்படியே போயிற்று.

"என்ன ஆச்சு? யாரு முன்னால?"

"அதே சிவப்பு... அண்ணே, அன்னிக்கு நான் கடையச் சொன்னது—"

"ஓட்டத்தச் சொல்லு."

சொன்னேன். கடைசி சுற்றில் வெள்ளைச் சட்டைக்காரி பிய்த்துக்கொண்டு வந்து ஜெயித்தாள். "வெள்ளை ஜெயிச்சிட்டா!" என்று கத்தினேன்.

"நெசமாவா? இல்ல, சின்ன வயசுல மாதிரி கதை விடறியா?"

இது நான் யாரிடமும் சொல்லாத விஷயம். அந்த ஜன்னல் நாட்களில் ஒரு ஓட்டத்தில் கடைசியாக வந்தவன், ஒல்லியாக, காது பெரிசாக, பார்க்க அண்ணன் மாதிரியே இருந்தான். அவன்தான் ஜெயித்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எனக்குக் கீழே அவன் குதித்த குதியில் நான் விழப் பார்த்தேன். நாற்பத்து நாலு வருஷமாக அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே. வகுப்புல எழுந்து சொன்னேன், அவன்தான் ஜெயிச்சான்னு. வாத்தியார் பேப்பரக் காட்டி, பெஞ்சு மேல ஏத்திட்டார். நாள் பூரா நின்னேன்."

"என்ன ஒரு வார்த்தை கேக்கலியே!"

"கேட்டா மறுநாள் யாரு எனக்குப் பாத்துச் சொல்றது?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

பிறகு அவனே, "அந்தப் பொண்ணு நொண்டிக்கிட்டே வந்தாள்ல, கடைசி ஒரு வருஷம் கடையில நானும் அப்படித்தான் இருந்தேன். அதான் பாக்க முடியல. நீ சொன்னதுல ஒண்ணுமில்ல. எழுந்து போனதுக்கப்புறம் எப்படித் திரும்பி வர்றதுன்னு தெரியல" என்றான். வண்டி ஒன்று வந்தது போல. "இரு" என்றான். திரும்பி வந்து கேட்டான், "கடைசி ஆள் வந்தாச்சா?"

"வர்றா. இன்னும் பாதிச் சுத்து இருக்கு."

"அப்ப வைக்காத."

வைக்கவில்லை.

ஜூலை 31, புதன்

நெட்டையிடம் சொன்னேன். விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். முகம் அவள் வயிற்றில் புதைந்து மூச்சு முட்டியது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். வாயேன் என்றேன். "பாக்கலாம்" என்றான். அண்ணன் அகராதியில் "பாக்கலாம்" என்றால் பாதி வருவான். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை எட்டு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தேன். தலை முழுக்க நரைத்திருக்கிறது. காது மட்டும் அதே பெரிசு. நான் அழுதுவிடக்கூடாது என்று, "சீட்டு இருக்கா? சீட்டு இல்லாம உள்ள விடமாட்டோம்" என்றேன். சட்டைப் பையிலிருந்து நிஜமாகவே ஒரு பார்க்கிங் சீட்டை எடுத்து நீட்டினான். இவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க மச்சான்" என்றார். மச்சானின் காலைப் பார்த்துத்தான் சொன்னார். காலில் இவருடைய அந்தத் தோல் செருப்பு. வார் இரண்டு இடத்தில் தைத்திருந்தது.

அண்ணன் வாசலில் குனிந்து தன் பழைய செருப்பைப் பார்த்தான். "இத இன்னும் வெச்சிருக்கியா?" என்றான். "பெருக்கறதுக்கு இடைஞ்சலா ஏதாவது வேணும்ல" என்றேன்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஜெயித்தவள் வந்தாள், மாலை போட்டார்கள், கொடி போர்த்தினார்கள். நாங்கள் அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கடைசி ஆளைக் காட்டினார்கள். அந்தக் குட்டி நாட்டுக் கொடி பிடித்த பெண்! அரங்கம் முழுக்க எழுந்து நிற்கிறது. அவள் வளைந்து வளைந்து வருகிறாள். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டுக்கு இன்னும் இருபது அடி. என்னால் உட்கார முடியவில்லை. "வா வா வா" என்று குதித்தேன். கால் ஒயரில் மாட்டியது. டிவி அணைந்தது.

அண்ணன் என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பாதியில மூடிட்டியா?" என்றான்.

இவர் ஒயரை மாட்டி டிவியைப் போடுவதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. எதிர்மாடி ஜன்னலில் அந்த அம்மாள் தன் வீட்டு டிவியைப் பார்த்து எழுந்து நின்று பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெண் வந்து சேர்ந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டோம்.

அண்ணன் சாயங்காலம் கிளம்பினான். அவன் போன பிறகு வாசலைப் பெருக்கினேன். அவனுடைய பழைய செருப்பு இருந்தது. வார் தைத்த தோல் செருப்பும் இருந்தது. இவர் போன மாதம் வாங்கின புதுச் செருப்பைக் காணவில்லை.